மகன் காட்டிய மூன்று தீவுகள்

கடல் என்றால் எனக்குத் திருச்செந்தூர்தான். முழங்கால் தண்ணீரில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, சேலையைப் பிழிந்தபடி கரையேறுவதோடு சரி. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனார்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏறவே மாட்டேன் என்று அழுது, டீச்சரின் கைப்பையையும் மற்றப் பிள்ளைகளின் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

அப்படிப்பட்டவளுக்குக் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளை! மூத்தவன், 24 வயது, சரக்குக் கப்பலில் நாலாவது இன்ஜினீயர். ஏறினால் ஆறு மாதம், ஏழு மாதம் ஆகிவிடும் இறங்க. டி.வி.யில் எங்கேயாவது புயல் என்றால் அன்று எங்கள் வீட்டில் ரசம் கூட ருசிக்காது. போதாக்குறைக்கு, சென்ற வருஷம் அவனுக்கு ஒரு நல்ல இடத்துப் பெண் பொருந்தி வந்தது. ஜாதகம் சரி, பெண் எங்களுக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அம்மா மட்டும் போனில் நயமாகச் சொன்னார்கள்: "பையன் தங்கம்தான். ஆனா கப்பல் உத்தியோகம்னா கொஞ்சம் யோசனையா இருக்கு. கரையில வேலை பார்ப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்பதற்கு அவன் கைக்கு அகப்பட்டால்தானே! அந்தச் சமயத்தில்தான் அவனுடைய கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கிரீஸ் தேசத்தில், ஏதென்ஸ் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகப் பகுதிக்கு வந்து மூன்று வாரம் நிற்கப் போகிறது என்று தகவல் வந்தது. "நீங்களும் அப்பாவும் வாங்கம்மா, டிக்கெட் நான் எடுக்கேன்" என்றான். விசாவுக்கு அலைந்தது, சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லாமல் வளைகுடா நாட்டில் நடு ராத்திரி இறங்கி ஏறியது எல்லாம் தனிக் கதை. சாமான் பையில் பருப்புப் பொடியும் எள்ளு மிளகாய்ப் பொடியும் எடுத்துப் போனேன். மனசுக்குள் ஒரே ஒரு தீர்மானத்தை எடுத்துப் போனேன்: 'போதும்டா கப்பல், ஊருக்கு வந்துவிடு' என்று நேரில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

அவனுக்கு லீவு கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலும் அக்ரோபொலிஸும் நாங்கள் இருவரும் முன்பே பார்த்தாகிவிட்டது. "அம்மா, இன்னிக்கு உங்களைக் கடல்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான் பாவி. ஏதென்ஸிலிருந்து காலையில் புறப்பட்டு, சரோனிக் வளைகுடாவில் ஹைட்ரா, போரோஸ், ஈஜினா என்ற மூன்று தீவுகளைக் காட்டி, இரவு திரும்பக் கொண்டுவந்து விடும் உல்லாசக் கப்பல். மத்தியானச் சாப்பாடு உட்பட ஆளுக்குச் சுமார் நூறு யூரோ. ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று என் கணவர் உத்தரவு போட்டிருந்தார். நான் பெருக்கிப் பார்த்தேன். அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

காலை எட்டு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. மூன்று மாடி. ஏறும்போதே ஒரு ஆள் நம்மை நிறுத்திப் போட்டோ எடுக்கிறான். சாயங்காலம் அதை நம்மிடமே விலைக்கு விற்கிறான். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓட, என் பிள்ளை என்னைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தான். "ஊஞ்சல்ல நடுவுல உட்கார்ந்தா ஆட்டம் தெரியாதுல்லா? கப்பலும் அப்படித்தான். முன்னாலயும் உச்சியிலயும்தான் ஆட்டம் ஜாஸ்தி."

கடல் மயக்கம் ஏன் வருகிறது என்றும் அவன்தான் சொன்னான். காதுக்குள்ளே உடம்பின் நிலையை அறியும் ஓர் உறுப்பு இருக்கிறது. அது 'ஆடுகிறோம்' என்கிறது. கப்பலுக்குள் இருக்கும் மேஜை நாற்காலியைப் பார்க்கும் கண்ணோ, 'எதுவும் ஆடவில்லையே' என்கிறது. இந்த இருவர் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது! அதனால் புத்தகத்தையும் போனையும் பார்க்காமல், தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டையே பார்க்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, மூச்சு முட்டச் சாப்பிடவும் கூடாது. மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் குறைவு. கைக்குழந்தைகளை இது அநேகமாகப் படுத்துவதில்லையாம். இரண்டு வயசுக்கு மேல், பன்னிரண்டு வயசுக்குள் உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் படுத்துகிறது. அவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நான் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இஞ்சி மொரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டேன். அன்று கடல் தாமிரபரணி மாதிரி அமைதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாப் பெருமையும் இஞ்சிக்கே போய்விடக் கூடாது பாருங்கள்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து முதலில் ஹைட்ரா. அந்த ஊர்க்காரர்கள் 'ஈத்ரா' என்கிறார்கள். கொலு வைத்த மாதிரி, துறைமுகத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மலைச்சரிவில் படிப்படியாக வெள்ளையும் சாம்பலுமாய்க் கல் வீடுகள். இந்தத் தீவில் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற ஒன்றிரண்டு தவிர மோட்டார் வாகனமே கூடாது என்று சட்டம். கப்பலில் வந்து இறங்கும் பெட்டி படுக்கை, சிமெண்ட் மூட்டை, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் கழுதையும் கோவேறு கழுதையும்தான் படியேறிச் சுமக்கின்றன. ஒரு கழுதை முதுகில் வாஷிங் மெஷின் போவதை என் கண்ணால் பார்த்தேன். ஹாரன் சத்தம் கேட்டே பழகிய காதுக்கு, அந்த அமைதி முதலில் என்னவோ பயமாகவே இருந்தது.

அந்தப் பெரிய பெரிய வீடுகள் யாருடையவை என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் கப்பல்காரர்கள் கட்டியவை. பாறைத் தீவு, விவசாயம் இல்லை, குடிக்கிற தண்ணீரையே வெகு காலம் வெளியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆகவே ஊரே கடலை நம்பிப் பிழைத்தது. 1821-இல் துருக்கியருக்கு எதிராகக் கிரேக்கர்கள் சுதந்திரப் போர் தொடங்கியபோது, இந்தத் துளியூண்டு தீவு நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களைப் போருக்கு அனுப்பியிருக்கிறது. அட்மிரல் மியாவுலிஸ் இந்த ஊர்க்காரர். கரையில் பழைய பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன.

அப்புறம் வந்தது கடற்பஞ்சுத் தொழில். நாம் உடம்பு தேய்க்கப் பீர்க்கங்கூடு வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி உபயோகத்துக்குக் கடலடியில் வளரும் பஞ்சு. வசந்த காலத்தில் புறப்பட்டு ஆப்பிரிக்கக் கரைவரை போய், மழைக்காலத்துக்கு முன்பு திரும்புவார்களாம். 1860-களில் உடம்பை மூடும் உடுப்பும் உலோகத் தலைக்கூடும் வந்ததும் இன்னும் ஆழத்துக்கு இறங்கினார்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. கிரேக்கத் தீவுகளில் எத்தனையோ வாலிபர்கள் செத்தும், கால் விளங்காமலும் போனார்கள். கப்பலில் வந்த வழிகாட்டிப் பெண் இதைச் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டே போனாள், தினமும் சொல்கிற பழக்கம். எனக்கு அந்தப் பெரிய வீடுகளின் ஜன்னல்களைப் பார்க்கப் பார்க்க அடிவயிறு கலங்கியது. அத்தனையும் கடலைப் பார்த்த ஜன்னல்கள்.

துறைமுகத்தை ஒட்டியே ஒரு பழைய மாளிகையைக் காட்டினான் என் பிள்ளை. "அம்மா, இது மாலுமிப் பள்ளிக்கூடம். 1749-லயே ஆரம்பிச்சதா சொல்லுவாங்க. இன்னிக்கும் கப்பல் ஆபீசர் படிப்பு இங்க நடக்கு." பேச்சை ஆரம்பிக்க இதுவே சமயம் என்று, "இருநூறு முந்நூறு வருஷமா இவங்க வீட்டுப் பொம்பளைங்க எப்படிடா பொறுத்தாங்க?" என்று கேட்டேன். "அவங்களுக்கு வாட்ஸ்அப் இல்லம்மா, உங்களுக்கு இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். நழுவுவதில் அப்படியே அவன் அப்பா.

ஹைட்ராவில் ஒன்றரை மணி நேரம்தான். பாதாம் அரைத்துச் செய்த 'அமிக்தலோட்டா' என்ற வெள்ளைப் பலகாரம் இங்கே பிரசித்தம். மேலே சர்க்கரை மாவைத் தூவியிருக்கிறார்கள். நம் பாதாம் கேக்குக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏலக்காய்தான் இல்லை. துறைமுகம் தாண்டிப் பாறையிலிருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடலில் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். "நீயும் போய்க் குதியேம்ல" என்றார் இவர். குறுக்குத்துறையில் காலையில் ஆற்றில் இறங்கினால் மத்தியானம்தான் கரையேறும் பிள்ளை, "வேண்டாம்ப்பா" என்றான். செப்டம்பர் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, இவனோ முழுக்கைச் சட்டையைப் பொத்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறான். தாய்க்கு ஒரு சந்தேகம் வந்தால் அது போகாது.

கப்பல் நகர்ந்ததும் மத்தியானச் சாப்பாடு. சைவம் உண்டு என்று டிக்கெட் கொடுத்தவர்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். ஆனால் எது சைவம் என்று ஒவ்வொரு தட்டுக்கும் நாமே கேட்க வேண்டியிருந்தது. திராட்சை இலையில் சோற்றைப் பொதிந்து சுருட்டியதில் சில சமயம் கறி இருக்கும், ஜாக்கிரதை! தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி வெள்ளரிக்காயோடு பாலாடைக்கட்டி வைத்த சாலட், கீரை பொதிந்த சமோசா மாதிரி ஒன்று எல்லாம் ரொம்ப நன்றாக இருந்தன. 'ஸாட்ஸிகி' என்பது நம் வெள்ளரிப் பச்சடிதான். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் பிசிறி, நீரை ஒட்டப் பிழிந்துவிடுகிறார்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் அதைப் போட்டு, பூண்டை நசுக்கிச் சேர்த்து, ஆலிவ் எண்ணெய் விடுகிறார்கள். நான் ஊரில் நல்லெண்ணெய் விட்டுச் செய்து பார்த்தேன், மோசமில்லை. நீரைப் பிழிவதுதான் அதில் சூட்சுமம். மறுநாள் வரை நீர்த்துப் போகாது.

பருப்புப் பொடியை எடுத்துப் பிள்ளை தட்டில் போட்டேன். பிசைவதற்காக அனிச்சையாய்ச் சட்டைக் கையை மடித்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாய், இழுத்துத் தைத்த மாதிரி.

"என்னடா இது?"

சட்டென்று கையை இறக்கினான். அதற்குள் இவரும் பார்த்துவிட்டார்.

"ஸ்டீம் பைப்பும்மா. நாலு மாசம் ஆச்சு. ஆறிடுச்சு."

நாலு மாதம்! அந்த நாலு மாதமும் வாரா வாரம் போனில் 'நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன். வீடியோவில் முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றில் பிசைந்த கை அப்படியே நின்றது. சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பயிற்சி பெற்ற ஓர் ஆபீசரே, கரையிலுள்ள டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தியம் செய்வாராம். நடுக்கடலில் ஒன்பது நாள் அப்படிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"சீஃப் இன்ஜினீயர் உடனே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் குழாயடியில வச்சுட்டார்மா. இருபது நிமிஷம், கடியாரத்தைப் பார்த்துக்கிட்டு. எடுக்கவே விடலை. அதனாலதான் இந்த அளவோட போச்சுன்னு டாக்டர் சொன்னார்."

இதை இளம் தாய்மார்கள் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். குக்கர் ஆவியோ, கொதிக்கிற பாலோ குழந்தை மேல் பட்டால், பேனா மையும் பல்பொடி பசையும் மஞ்சளும் தடவுவதுதானே நம் வழக்கம்? கூடாது. ஐஸ் கட்டியும் கூடாது. குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம், கடியாரத்தைப் பார்த்து. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போக வேண்டும். முகமோ கையோ வெந்துபோனாலும், கைக்குழந்தைக்கு எவ்வளவு சிறிதாகப் பட்டாலும், வீட்டு வைத்தியமே வேண்டாம்.

அடுத்து வந்த போரோஸ் தீவை நான் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அழகான ஊர். எதிரே கிரேக்கப் பெருநிலம். நடுவே வாய்க்கால் மாதிரிக் குறுகிய கடல். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும் போலிருக்கிறது. குன்றின்மேல் 1927-இல் கட்டிய மணிக்கூண்டு. வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகியதாகக் கதை சொல்வார்களே, அந்த டெமாஸ்தனிஸ், எதிரிகளிடம் பிடிபடாமல் கி.மு. 322-இல் விஷம் குடித்து உயிர் விட்டது இந்தத் தீவுக் கோயிலில்தான். மணிக்கூண்டுக்கு இவரும் பிள்ளையும் ஏறினார்கள். நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். என்னிடம் அவன் எலுமிச்சை சர்பத் வாங்கி வந்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன், பேசவில்லை.

கடைசியாக ஈஜினா. இங்கே இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். காசு கொடுத்தால் பஸ்ஸில் அஃபேயா கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். கி.மு. 500 வாக்கில் கட்டியது, தூண்கள் பெரும்பாலும் இன்னும் நிற்கின்றன. இவர் போகலாம் என்றார். நான், "நீங்க போய்ட்டு வாங்க, நாங்க இங்கயே இருக்கோம்" என்றேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகப் போய்விட்டார். இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் இந்த அளவு விவரம் வந்திருக்கிறது.

துறைமுகச் சுவரின் முனையில் ஒரு சின்னஞ்சிறு வெள்ளைக் கோயில். மாலுமிகளைக் காக்கும் புனித நிக்கோலஸ் கோயிலாம். கப்பல் ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் கும்பிட்டேன், எந்தச் சாமியானால் என்ன, பிள்ளையைக் காத்தால் போதாதா? அங்கே கல் திண்டில் உட்கார்ந்து, ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். பெண் வீட்டார் சொன்னது, நான் தூங்காத ராத்திரிகள், இப்போது இந்தக் கை. "வேலையை விட்டுட்டு எங்களோட வந்திருடா."

வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "விட்டுட்டு வந்தா என்னம்மா பண்ணுவேன்? இப்ப கையில இருக்கிறது கிளாஸ் ஃபோர் சர்டிபிகேட். கிளாஸ் டூ எழுதி முடிச்சுட்டா கரையிலயும் நல்ல வேலைக்கு மரியாதையாக் கூப்பிடுவான். ரெண்டு வருஷம் குடுங்கம்மா. அதுக்கப்புறம் கடலா கரையான்னு நானும் வர்றவளும் சேர்ந்து முடிவு பண்ணிக்கிறோம். அதை நீங்க முடிவு பண்ணக் கூடாது."

கடைசி வாக்கியம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எவ்வளவு தேடியும் எனக்கு அகப்படவில்லை. "சரி, ரெண்டு வருஷம். ஆனா இனிமே நகம் பேந்தாலும் எனக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது. சொன்னா அழுவேன், அழுதுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருவேன். மறைச்சாத்தான் எனக்குச் சகிக்காது" என்றேன். கையை நீட்டினான், அந்தக் கையைத்தான். தடவிப் பார்த்தேன். வழவழவென்று, உணர்ச்சி குறைவு என்றான்.

ஈஜினா என்றால் பிஸ்தா. இந்தத் தீவின் பிஸ்தாவுக்கு ஐரோப்பாவில் ஊர்ப் பெயரோடு தனி அங்கீகாரம் உண்டு. ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. நாங்கள் போனது சரியான சமயம். மரத்திலிருந்து பறித்த பச்சைப் பிஸ்தாவுக்கு மேலே இளஞ்சிவப்பாய் ஒரு தோல் இருக்கும் என்று நான் கண்டேனா! அதை உரித்தால்தான் நாம் பார்க்கிற ஓடு. முற்றினால் ஓடு தானாகவே வாயைத் திறக்கிறது. துறைமுகத்தில் படகிலேயே கத்திரிக்காய், தக்காளி, வெங்காயம் எல்லாம் குவித்து வைத்து வியாபாரம் நடக்கிறது. கத்திரிக்காயைத் தொட்டுப் பார்க்காமல் வர எனக்கு மனசு வரவில்லை. உப்புப் போட்டு வறுத்த பிஸ்தா ஒரு கிலோ வாங்கினோம். காய்ந்த இடத்தில் காற்றுப் புகாமல் வைத்திருங்கள். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த பிஸ்தாவையோ கடலையையோ தட்டித் துடைத்துச் சாப்பிடக் கூடாது, அது ஈரலுக்குக் கெடுதல்.

திரும்பும்போது கப்பலில் பாட்டும் கிரேக்க ஆட்டமும். கைகோத்து வட்டமாய் ஆடுகிறார்கள், நம் கும்மி மாதிரி, கை மட்டும் தட்டுவதில்லை. ஓர் ஆட்டக்காரி வந்து இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆபீசில் ஒரு நாளும் முகம் மலராத மனுஷர், காலை மாற்றி மாற்றி வைத்து ஆடினார் பாருங்கள்! போட்டோக்காரனிடம் காலையில் எடுத்த படத்தையும் பேரம் பேசாமல் வாங்கினார். நான் மேல்தளத்தில், நட்ட நடுவில் அல்ல, ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பக்கத்தில் நின்றான். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லா ஓடுது" என்றான்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வழுக்காத, பட்டி வைத்த செருப்புப் போடுங்கள். ஹைட்ராவின் கல் படிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. தொப்பியும் ஒரு மேல்சட்டையும் வேண்டும், சாயங்காலக் காற்று குளிரும். ஒவ்வொரு தீவிலும் கப்பல் புறப்படும் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கையில் பிஸ்கட்டோ பழமோ வைத்துக்கொள்ள வேண்டும்; கூட்டமிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டாவது பந்தியில்தான் இடம் கிடைக்கும்.

ஊர் வந்து ஒரு வாரத்தில் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் ஈஜினா பிஸ்தா வைத்தேன். அவன் இன்னும் இரண்டு வருஷம் கப்பலில்தான் என்பதைச் சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன். "அதை ஏன் சொன்னே?" என்று இவர் அப்புறம் கோபித்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் ஒரு பிஸ்தாவை உரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "எங்க பொண்ணு கிட்டயே பேசச் சொல்லுங்க. அவ நம்பர் தாரேன்" என்றார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வருகிற போன் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. போன மாதம் சுண்டு விரலில் ஸ்பானர் பட்டு நகம் கறுத்துவிட்டதாம். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான்.